அக்கா படித்த பெயர்

நம் வயதுக்காரர்களுக்கு ஆண்டாய்வு என்று சொன்னாலே போதும், சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறும். வருடம் முழுக்க எட்டிப் பார்க்காத இன்ஸ்பெக்டர் ஒரு நாள் வருவார். அந்த ஒரு நாளுக்காகப் பள்ளிக்கூடம் கல்யாண வீடாகிவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், வாசலில் மாவிலை கட்டுவார்கள், கால் உடைந்த பெஞ்சைக் கடைசி வரிசைக்குத் தள்ளிச் செங்கல் முட்டுக் கொடுப்பார்கள். ராயபுரத்தில் நான் படித்த பள்ளியில் இன்னொன்றும் செய்வார்கள். பிள்ளைகளை இரவல் வாங்குவார்கள்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். அது அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற தனியார் பள்ளி. தெற்கத்தி மொத்த வியாபாரக் குடும்பம் ஒன்று நடத்தியது. இத்தனை பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்று சட்டம். தலை குறைந்தால் வாத்தியார் வேலை போய்விடும். எங்கள் தெருக்களிலோ பிள்ளைகள் நின்றுவிடுவது சர்வசாதாரணம். அம்மாவுக்குப் பிரசவம் என்றால் நிற்பார்கள், அப்பாவுக்குத் துறைமுகத்தில் கால் நசுங்கினால் நிற்பார்கள். ஆனால் நின்ற பிள்ளையின் பெயரைப் பள்ளி விடாது, அப்படியே வைத்திருக்கும். ஆண்டாய்வு வந்தால் அந்தப் பெயர்களுக்கு முகம் வேண்டுமே! தெருவில் சும்மா இருக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து, ஆளுக்கொரு பெயரைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். சாயங்காலம் பன்னும் ஆரஞ்சு மிட்டாயும் கொடுத்து அனுப்புவார்கள். பெற்றவர்கள் யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு அண்டா கொடுப்பதுபோலப் பிள்ளையைக் கொடுத்தார்கள்.

சும்மா இருக்கிற பிள்ளைகள் என்றா சொன்னேன்? என் நாக்கில் சூடு வைக்க வேண்டும். என் அக்கா ஒரு நாளும் சும்மா இருந்தவள் இல்லை. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா விடிவதற்குள் காசிமேட்டுக் கரைக்கு இறால் உரிக்கப் போய்விடுவாள். வீட்டில் கைக்குழந்தையாகத் தம்பி. அவனைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும், அக்கா மூத்தவள், அதனால் அவள் வீட்டில், நான் பள்ளியில். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக நினைவில்லை. எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்து.

நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வகுப்பின் ஜன்னல் பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்து இருக்கும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே டீச்சர் பாட்டு சொன்னால் வெளியே அவள் வாய் அசையும். தம்பி அழுதால் சந்துக்கோடிவரை போய் ஆட்டிவிட்டுத் திரும்பி வருவாள். அப்படி நின்று நின்றே எழுத்துக்கூட்டப் படித்துவிட்டாள். என் புத்தகத்தை நான் பார்த்ததைவிட அவள் பார்த்ததுதான் அதிகம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போடலாம் என்று ஒரு சட்டம் அந்தக் காலத்திலேயே காகிதத்தில் இருந்ததாம். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் யாரும் இல்லை. நானே பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்விச் சட்டம், அரசாணை, சுற்றறிக்கை என்று எது வந்தாலும் ஒரு நகல் என் அடுப்படிக்கும் வரும். வந்த ஒவ்வொன்றையும் அக்காவின் வயதோடு ஒட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. எதுவுமே நேரத்துக்கு வரவில்லை.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு ஆண்டாய்வு என்று சொன்னார்கள். தலைமையாசிரியரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பள்ளி நடத்தும் குடும்பத்துக்கு உறவு அவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பேச்சில் திருநெல்வேலி.

"பெரிய பிள்ளைய ஒரு வாரம் அனுப்பி வைங்க தாயி. இந்த இன்ஸ்பெக்டர் கேள்வியெல்லாம் கேப்பாராம். கொஞ்சம் பழக்கணும்."

"ஒரு வாரமா? கொயந்தைய யாரு சார் பாப்பாங்க?" என்றாள் அம்மா.

"அவனையும் தூக்கிட்டு வரட்டும். தாழ்வாரத்துல தூளி கட்டிருவோம்."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவு அவள் என் பாவாடையைத் துவைத்து, அவள் இடுப்புக்கு நாடாவை நீட்டிக் கட்டிப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே நின்றது. கீழே இழுத்து இழுத்து விட்டாள்.

அவளுக்குக் கொடுத்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது இன்னொருத்தியின் பெயர். எண்ணூரில் அப்போது அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா அங்கே கட்டட வேலைக்குப் போக, குடும்பமே அந்தப் பக்கம் போய்விட்டது. பெயரை மட்டும் எங்கள் வகுப்பில் விட்டுவிட்டுப் போனாள். பெயர்க்காரி என்று நானும் அக்காவும் அவளைச் சொல்வோம்.

முதல் நாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கிளாஸ்ல அவளை அக்கான்னு கூப்பிடக் கூடாது, புரியுதா? அவ யாரோ, நீ யாரோ." டீச்சர் சின்ன வயசு, கல்யாணமாகாதவர், வேலைக்குப் புதிது. தலை குறைந்தால் முதலில் போவது அவர் வேலைதான் என்பது எங்களுக்கே தெரியும். அவருக்காகவாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டோம்.

அந்த ஒரு வாரம் அக்கா எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் உடைந்து தகரம் அடித்த ஒரு பழைய சிலேட்டை டீச்சர் அவளுக்குக் கொடுத்தார். அதன் தலைப்பில் அந்தப் பெயரை எழுதினாள், எச்சில் தொட்டு அழித்தாள், மறுபடி எழுதினாள். வருகை எடுக்கும்போது அந்தப் பெயர் வந்ததும் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நிற்பாள். அவ்வளவு சத்தமாக வகுப்பில் வேறு யாரும் சொல்லவில்லை. தூளியில் தம்பி சிணுங்கினால் அவள் முதுகு விறைக்கும், ஆனால் தலை திரும்பாது. டீச்சர்தான் போய் ஒரு காலால் தூளியை ஆட்டிவிட்டு வருவார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குண்டு மனிதர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரைக் கேட்டால் என்ன, அக்காவைத்தானா கேட்க வேண்டும்? புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாமல் படித்தாள். கணக்குப் போடச் சொன்னார், வாயாலேயே சொன்னாள். சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக் குலுக்கப் போனவர், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தம்பியை என்னிடம் விட்டுவிட்டு அம்மாவோடு போய் இறால் உரித்த ஞாயிற்றுக்கிழமைகளின் கீறல்கள் விரலெல்லாம் இருந்தன. பிறகு தலைமையாசிரியரிடம், "இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது முதலில் இவளைத்தான் கேட்பேன்" என்றார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

அன்று சாயங்காலம் அக்கா பன்னைத் தின்னவில்லை. அம்மா கரையிலிருந்து வந்ததும் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மா, நானும் பள்ளிக்கூடம் போறேம்மா. இன்ஸ்பெக்டரே சொல்லிகிறாரு."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் குண்டு மனிதர் சொன்னதைத் தெருக்குழாயில் நின்றவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். மறுநாளே ஈரப் புடவையோடு தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தாள். நானும் கூடப் போனேன்.

"சார், எம்பொண்ண சேத்துக்கோ சார். கொயந்தைய நான் கரைக்குத் தூக்கிக்கினு போறேன்."

"சேக்கலாம் தாயி. ஆனா இவ பேர்ல சேக்க முடியாது. இந்த மூஞ்சிக்கு இன்ன பேருன்னு இன்ஸ்பெக்டர் பாத்துட்டுப் போயிட்டாருல்லா? அடுத்த தடவ வந்து பேர் மாறியிருந்தா நான் என்ன சொல்ல? பள்ளிக்கூடத்துக்கு வர்ற பணம் நின்னுரும், டீச்சருக்கு வேல போயிரும். அந்தப் பேர்லயே வரட்டும்."

அம்மா யோசித்தாள். அன்றிரவு நைனாவிடம் கேட்டாள். மூட்டை தூக்கிய தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"பேர்ல இன்னா கீது? படிப்பு மண்டைல ஏறுனா சரி. போவட்டும் வுடு."

அவ்வளவுதான். இன்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

பங்குனி வெயில் ஏறும்வரை அக்கா படித்தாள். அம்மா தம்பியைக் கூடையில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனாள். அவன் உடம்பெல்லாம் வேர்க்குரு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் முகம் சுருங்கும், ஆனால் "நான் நிக்கிறேன்" என்று மட்டும் சொல்லமாட்டாள். பள்ளிவிட்டு வந்ததும் பானையில் தண்ணீர் நிரப்பி, சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, எல்லாம் முடித்த பிறகு சிலேட்டை எடுப்பாள். வேலையில் ஒரு குறை வந்தாலும் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். தூக்கத்தில்கூட வாய்ப்பாடு சொல்லுவாள். வகுப்பில் பிள்ளைகள் அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். தெருவில் விளையாடும்போதும் அதே பெயர். அவளும் அதற்குத்தான் சட்டென்று திரும்புவாள்.

முழுப் பரீட்சை நெருங்கிய ஒரு காலை. டீச்சர் வருகை எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றதை நாங்கள் பார்த்தோம், டீச்சர் பார்க்கவில்லை. லுங்கியில் சிமெண்ட் காய்ந்திருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் வழிய வாரிய ஒரு பெண். டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் டீச்சர்" என்று இரண்டு குரல்கள் வந்தன.

வாசலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர், அவள் டீச்சர், மறக்காமல் கூப்பிடுகிறார் என்ற சந்தோஷம். அக்கா எழுந்து நின்றவள் நின்றபடியே இருந்தாள். உட்காரவா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

அந்த அப்பா ஒன்றும் கேட்கக் கூடாததைக் கேட்கவில்லை. அவர் பெண்ணை எண்ணூர்ப் பக்கப் பள்ளி ஒன்றில் சேர்க்க வேண்டும். பழைய பள்ளியிலிருந்து டீசி கொண்டுவா என்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். டீசி கொடுத்தால் அந்தப் பெயரை அந்த நிமிடமே நீக்க வேண்டும், ஒரு பெயர் இரண்டு பள்ளியில் இருக்க முடியாது. கொடுக்காமல் விட்டால் அவர் பெண் தெருவில் நிற்பாள். தலைமையாசிரியர் கொடுத்தார். வேறென்ன செய்வார்?

போகும்போது அந்த மனிதர் விஷயம் புரிந்து எங்கள் வகுப்பு வாசலில் தயங்கி நின்றார். "அந்தப் பாப்பா மேல தப்பு இல்ல சார். ஆனா எம்பொண்ணும் படிக்கணும்ல" என்றார். பெயர்க்காரி என் அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டீச்சர் அக்காவின் பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். அக்கா சிலேட்டை எடுத்துத் தலைப்பிலிருந்த பெயரைப் பாவாடை முனையால் துடைத்தாள். எச்சில் தொடவில்லை, வெறும் துணியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். சிலேட்டை டீச்சர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். பாடம் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

அம்மா விடவில்லை. தலைமையாசிரியர் காலில் விழாத குறை. "அடுத்த ஆய்வு முடியட்டும் தாயி, அந்த இன்ஸ்பெக்டர் மாறட்டும், கண்டிப்பா சேத்துருதேன்" என்றார். அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு டோல்கேட் பக்கம் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்குப் போனாள். கானல் பறக்கிற வெயில், ரோடெல்லாம் நிலக்கரித் தூசி, செருப்பில்லாத கால். அங்கே ஒரு வயதான தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முன்னால எங்கம்மா படிச்சா?"

அம்மா உள்ளதைச் சொன்னாள். படித்த பள்ளியைச் சொன்னாள், இன்ஸ்பெக்டர் மெச்சியதைச் சொன்னாள். அந்தம்மா டீசி கேட்டார். இல்லை என்றதும் அக்காவைப் பார்த்தார்.

"படிச்சதுக்குச் சீட்டு இல்லன்னா படிக்காத பிள்ளைன்னுதான் நான் எடுத்துக்க முடியும். ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வைக்கிறேன். வயசு அதிகம்தான், நான் சொல்லிக்கிறேன். நாளைக்கே வரட்டும்."

அக்கா தலையை ஆட்டினாள். வேகமாக ஆட்டினாள். "குந்துறேன் டீச்சர்" என்றாள். அவளுக்கு எந்த வகுப்பாக இருந்தால் என்ன, சொந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள்.

அம்மாதான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் மெச்சின பொண்ணும்மா இது! மூணாங்கிளாஸ் புக்கு கடகடன்னு படிக்குது. கைக்கொயந்தைங்களோட குந்த வெக்கிறியா? எங்க சார் அடுத்த வருசம் சேக்கிறேன்னு சொல்லிகிறாரு. எனக்கு அங்கயே போதும்."

ரோட்டுக்கு வந்ததும் அக்கா அம்மாவின் கையைக் கடித்தாள். ஆமாம், கடித்தாள். என் கண்ணால் பார்த்தேன். அம்மா அறைந்தாள், அறைந்துவிட்டு அவளும் நடுரோட்டில் நின்று அழுதாள். மாட்டு வண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா பேஜாரு?" என்று கேட்டான். மூன்று பேரும் நடந்தோம். வீடு வரும்வரை அக்கா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவை நான் இன்று திட்டமாட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒரு பெரிய மனிதர் அவள் பிள்ளையைப் புகழ்ந்தார். அந்தப் புகழைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைத்தாள். அது பிள்ளையின் படிப்பைத் தின்னும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஆய்வு வருவதற்குள் டீச்சரே இல்லை. தலை குறைந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அக்காவைச் சேர்க்கிற பேச்சும் அதோடு நின்றது. அக்கா இறால் கொட்டகைக்குப் போனாள். ஐஸில் ஊறிய இறாலை உரித்து உரித்து நகமெல்லாம் வெந்து போயிற்று. நான் அவள் காசில் எட்டாவது வரை படித்தேன். பெயர்க்காரி என்ன ஆனாள் என்று தெரியாது. நன்றாகப் படித்திருந்தால் சரி என்று அக்கா ஒருமுறை சொன்னாள், மனதாரத்தான் சொன்னாள்.

பிற்பாடு சத்துணவு வந்தது, பிள்ளைகள் சோற்றுக்காகவாவது வந்தார்கள். அப்போது அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் படிப்பு உரிமை, டீசி இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று பெரிய சட்டம் வந்தபோது அவளுக்கு வயது ஐம்பது. அந்தச் சுற்றறிக்கையை நான் மையத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எங்கள் டோல்கேட் நடைக்காகவே யாரோ எழுதியதுபோல் இருந்தது. பருப்பு அடிப்பிடித்துப் போயிற்று, நான் எழுந்திருக்கவில்லை.

இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறாள். அவள் புருஷனும் இல்லை, என் புருஷனும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தது எல்லாம் எப்போதோ மறந்துபோயிற்று. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கிறாள். போன மாதம் ஒரு சின்னப் பெண் கையில் போனோடு வீடு வீடாக வந்தாள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அரசாங்கம் சாயங்கால வகுப்பு வைக்கிறதாம். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"பாட்டி, உங்க பேரு சொல்லுங்க, போட்டுக்கறேன்."

அக்கா அந்தப் பெயரைச் சொன்னாள்.

என் கையிலிருந்த அரிசி தண்ணீரோடு போயிற்று. அந்தப் பெண் நான் எடுத்துக் கொடுத்திருந்த அக்காவின் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல வேற பேரு கீதே பாட்டி?"

"அது வூட்டுல கூப்புடுறதும்மா. பள்ளிக்கூடத்துக்கு இதான்."

"அய்யே, அதெல்லாம் இல்ல பாட்டி. உங்க சொந்தப் பேர்லயே சேந்துக்கலாம். டீசிலாம் ஒண்ணும் கேக்கமாட்டோம்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும் பாட்டி."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பாவாடையை இழுத்து இழுத்துக் கணுக்காலை மறைத்த அதே முகம். மடியில் நழுவிக் கிடந்த புடவைத் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் போனில் பெயரைத் தட்டத் தொடங்கினாள். பாதி தட்டியிருப்பாள், அக்கா கையை நீட்டி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா, வுட்டுடு."

"ஏன் பாட்டி?"

"யாராச்சும் வந்து எம்பேருன்னு கேட்டா, இன்னொரு தபா கிளாஸ் நடுவுல எய்ந்து போவ என்னால முடியாது."